ஓவர்டிரைவ் ஏறவில்லையா, இறங்கவில்லையா: லேகாக் யூனிட்டில் அறிகுறி பார்த்துப் பழுது பிடிப்பது

டிரையம்ஃப் டிஆர்4, எம்ஜிபி, ஆஸ்டின்-ஹீலி 3000, வால்வோ 140 போன்ற பழைய கார்களில் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஓவர்டிரைவ், அதாவது அதே வேகத்தில் எஞ்சின் சுற்றைக் குறைத்து ஓட்ட உதவும் கூடுதல் கியர் யூனிட், எல்லாம் ஒரே குடும்பம். எட்கர் டி நார்மன்வில் வடிவமைத்தார், இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் லேகாக் கம்பெனி தயாரித்தது. ஏ டைப், டி டைப், எல்ஹெச் டைப், ஜே டைப் என்று வெளித்தோற்றம் மாறினாலும் உள்ளே வேலை செய்யும் முறை ஒன்றுதான்.

ஓவர்டிரைவ் வேலை செய்யவில்லை என்றதும் கியர்பாக்ஸை இறக்கிவிடலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். எம்ஜிபியில் அதற்கு எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே வெளியே எடுக்க வேண்டும். பெரும்பாலான கோளாறுகள் யூனிட்டைக் கழற்றாமலே சரியாகக்கூடியவை. பார்க்க வேண்டிய வரிசை இது: முதலில் ஆயில், அப்புறம் கரண்ட், அப்புறம் வால்வு, அப்புறம் அழுத்தம். இந்த நான்கும் சரி என்று தெரிந்த பிறகுதான் கூம்புக் கிளட்ச், கியர் பக்கம் சந்தேகம் போக வேண்டும்.

உள்ளே நடப்பது என்ன

யூனிட்டுக்குள் ஒரு கோள் கியர் தொகுதி இருக்கிறது. நடுவில் சூரியச் சக்கரம், அதைச் சுற்றி கோள் சக்கரங்கள், வெளியே உள்பல் வளையம். கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சி கோள் சக்கரங்களைத் தாங்கும் கேரியருக்குப் போகிறது. பின் சக்கரங்களுக்கு வெளியேறுவது வளையத்திலிருந்து.

சூரியச் சக்கரத்தோடு இணைந்த கூம்புக் கிளட்சுக்கு உள்பக்கமும் வெளிப்பக்கமும் லைனிங் உண்டு. ஸ்பிரிங்குகள் அதைப் பின்னோக்கித் தள்ளி வளையத்தோடு அழுத்தி வைத்தால் எல்லாம் ஒன்றாகச் சுற்றும். அதுதான் நேரடி ஓட்டம். ஸ்விட்சைப் போட்டதும் ஆயில் அழுத்தம் இரண்டு பிஸ்டன்களைத் தள்ளும், கூம்பு முன்னுக்கு வந்து கேசிங்கில் இருக்கும் பிரேக் வளையத்தைப் பிடித்துக்கொள்ளும். சூரியச் சக்கரம் நின்றுவிடும், வளையம் எஞ்சினைவிட வேகமாகச் சுற்றத் தொடங்கும்.

இதற்கு நடுவே உருளைகள் கொண்ட ஒரு ஒருவழிக் கிளட்சும் இருக்கிறது. நேரடி ஓட்டத்தில் முன்னோக்கி இழுக்கும் சுமையைத் தாங்குவது அதுதான். ஆக்சிலரேட்டர் மிதியை எடுத்தபின் வரும் எஞ்சின் பிரேக்கையும் ரிவர்ஸையும் கூம்புதான் தாங்குகிறது. இந்த வேலைப் பிரிவினை மனதில் இருந்தால் கீழே வரும் அறிகுறிகள் பாதி தானாகவே புரிந்துவிடும்.

அழுத்தம் தரும் பம்ப் கியர்பாக்ஸின் மெயின்ஷாஃப்ட்டில் இருக்கும் கேமால் ஓடுகிறது. வண்டி நின்றிருந்தால் பம்பும் நிற்கும். எஞ்சினை மட்டும் ஸ்டார்ட் செய்து நியூட்ரலில் வைத்து அழுத்தம் பார்ப்பதில் பயனில்லை.

எதையும் தொடுவதற்கு முன் இரண்டு எச்சரிக்கைகள்

ஓவர்டிரைவ் விடாமல் பிடித்திருக்கிறது என்ற சந்தேகம் துளி இருந்தாலும் ரிவர்ஸ் போடாதீர்கள். ரிவர்ஸில் சுழற்சி திசை மாறுவதால் ஒருவழிக் கிளட்ச் பூட்டிக்கொள்ளும். கூம்போ பிரேக் வளையத்தை விடாது. இரண்டு பாதையும் ஒன்றோடொன்று மோதி உள்ளே ஏதாவது ஒன்று உடையும். நியூட்ரலில் வைத்துக் கையால் பின்னுக்குத் தள்ளினாலும் இதே ஆபத்துதான். வண்டியை முன்பக்கமாக மட்டும் நகர்த்துங்கள்.

இரண்டாவது, ஏ டைப்பில் வண்டி நின்ற பிறகும் ஆயில் அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்யூமுலேட்டரில் அழுத்தம் தேங்கி நிற்கும். வால்வு பிளக்கைத் திறப்பதற்கு முன் எஞ்சினை நிறுத்தி, இக்னிஷனை மட்டும் போட்டு, டாப் கியரில் வைத்து ஓவர்டிரைவ் ஸ்விட்சைப் பத்துப் பன்னிரண்டு தடவை போட்டு அணையுங்கள். அழுத்தம் இறங்கிவிடும். இதைச் செய்யாமல் பிளக்கைத் திறந்தால் சூடான ஆயில் முகத்தில் பீச்சியடிக்கும்.

ஆயில்: எல்லா அறிகுறிக்கும் முதல் சோதனை

கியர்பாக்ஸுக்கும் ஓவர்டிரைவுக்கும் ஒரே ஆயில்தான். கியர்பாக்ஸில் ஊற்றுவது நடுவில் உள்ள துளைகள் வழியாகப் பின்னால் போகிறது. அந்த ஆயில் பேரிங்கை நனைக்கிறது, கியரைக் குளிர்விக்கிறது, அதோடு பிஸ்டனைத் தள்ளும் வேலையையும் செய்கிறது. சாதாரண கியர்பாக்ஸில் அரை லிட்டர் குறைந்தால் கொஞ்ச நாள் ஒன்றும் தெரியாது. ஓவர்டிரைவில் பம்ப் காற்றை இழுக்கத் தொடங்கியதுமே அழுத்தம் விழுந்துவிடும்.

எந்த ஆயில் என்பதில் வண்டியின் கையேடு சொல்வதே கடைசி வார்த்தை. எம்ஜிபிக்கு எஞ்சினில் ஊற்றும் அதே 20டபிள்யூ-50. ஆஸ்டின்-ஹீலிக்கு எஸ்ஏஇ 30 எஞ்சின் ஆயில். டிரையம்ஃப் டிஆர் வரிசைக்கு 90 எடை இபி கியர் ஆயில், அதுவும் ஜிஎல்-4 தரம். "கியர்பாக்ஸ்தானே, கியர் ஆயில்தானே" என்று எம்ஜிபியில் கெட்டியான ஹைப்பாய்டு ஆயிலை ஊற்றுவது தவறு.

ஜிஎல்-5 எந்த வண்டியிலும் வேண்டாம். டிஃபரன்ஷியலுக்காகச் செய்த அந்த ஆயிலில் கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம். கியர் மாற்றும்போது சுழற்சி வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ வளையங்களின் வெண்கலத்தை அது கெடுக்கும். உராய்வைக் குறைக்கும் எந்தச் சேர்மானமும் கூடவே கூடாது என்று பழைய கையேடுகளே வெளிப்படையாகச் சொல்கின்றன. கூம்புக் கிளட்ச் உராய்வை நம்பித்தான் பிடிக்கிறது. வழுக்கலுக்கென்றே செய்த மருந்தை அதன்மேல் ஊற்றிவிட்டு, வழுக்குகிறதே என்று பிறகு யூனிட்டைப் பிரிப்பதில் அர்த்தமில்லை. லிமிடெட்-ஸ்லிப் டிஃபரன்ஷியல் ஆயிலும் இதே கணக்கில்தான் வரும்.

ஆயில் மாற்றும்போது முதலில் கொஞ்ச தூரம் ஓட்டி ஆயிலைச் சூடாக்குங்கள். சமதளத்தில் நான்கு பக்கமும் ஸ்டாண்டு வைத்து வண்டியைத் தூக்குங்கள். வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே படுக்கக் கூடாது. கியர்பாக்ஸ் டிரெயின் பிளக்கைக் கழற்றி ஆயிலை வடியுங்கள். ஏ டைப்பில் ஓவர்டிரைவுக்கும் தனி டிரெயின் பிளக் உண்டு, அதையும் கழற்ற வேண்டும். அதற்கு மேலே கம்பிவலை ஃபில்டர் இருக்கும். எல்ஹெச் டைப்பிலும் ஜே டைப்பிலும் அடியில் ஆறு போல்ட் போட்ட மூடியைக் கழற்றினால் ஃபில்டர் வந்துவிடும்.

வடித்த ஆயிலையும் ஃபில்டரையும் அவசரப்படாமல் வெளிச்சத்தில் பாருங்கள். நைசான சாம்பல் நிறப் பசை போல் இருந்தால் வழக்கமான தேய்மானம். பொன்னிறத் துகள் மின்னினால் சிங்க்ரோ வளையமோ வெண்கல வாஷரோ தேய்கிறது. கறுப்பு நார் போல் வந்தால் கூம்பின் லைனிங் உதிர்கிறது. விரலில் குத்தும் இரும்புச் செதில் இருந்தால் வண்டியை ஓட்ட வேண்டாம், யூனிட்டைப் பிரிக்கும் நேரம் வந்துவிட்டது.

கம்பிவலையைப் பெட்ரோலில் கழுவி, காற்றடித்து உலர்த்துங்கள். பஞ்சு வேஸ்ட்டால் துடைக்காதீர்கள். அதிலிருந்து பிரியும் ஓர் இழை வால்வு பந்துக்கு அடியில் போய் உட்கார்ந்தால் போதும், அழுத்தம் நிற்காது. இழை விடாத துணி மட்டும்தான். புது வாஷர், புது கேஸ்கெட் போட்டு மூடுங்கள்.

ஓவர்டிரைவ் உள்ள பிற்கால எம்ஜிபிக்கு மொத்தம் 3.4 லிட்டர், டிஆர்4-க்கு ஏறத்தாழ 2 லிட்டர் பிடிக்கும். முழுதாக வடியாமல் பழைய ஆயில் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும் என்பதால் அளவுக் குப்பியை நம்பாமல் மட்டத்தை நம்புங்கள். மட்டம் வரும்வரை ஊற்றி, சில கிலோமீட்டர் ஓட்டி, ஓவர்டிரைவை இரண்டு மூன்று முறை போட்டு எடுங்கள். பிறகு வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஆயில் இறங்க நேரம் கொடுத்து மறுபடி மட்டம் பாருங்கள். கட்டாயம் இறங்கியிருக்கும், பின்னால் உள்ள யூனிட் தன் பங்கை எடுத்துக்கொண்டிருக்கும். இந்த இரண்டாவது பார்வையை விட்டுவிட்டு ஆயில் குறைவாகவே ஓடும் வண்டிகள் ஏராளம். அதற்காக மட்டத்துக்கு மேலேயும் ஊற்றாதீர்கள். மிஞ்சிய ஆயில் முன்பக்கம் கசிந்து கிளட்ச் தட்டுக்குப் போய்ச் சேரும்.

ஸ்விட்ச் போட்டும் ஏறவே இல்லை

ஏறியதா இல்லையா என்பதை காதை வைத்து முடிவு செய்யாதீர்கள், எஞ்சின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டரைப் பாருங்கள். டிஆர்4-இன் விகிதம் 0.82. டாப் கியரில் 4000 சுற்றில் போகும்போது ஓவர்டிரைவ் ஏறினால், அதே வேகத்தில் முள் 3280 பக்கம் விழ வேண்டும். ஜே டைப்பின் விகிதம் 0.797, முள் 3190-க்கு வரும்.

ஆயில் மட்டம் சரி என்றால் அடுத்தது கரண்ட். இக்னிஷன் போட்டு, எஞ்சின் ஓடாமல், டாப் கியரில் வைத்து ஸ்விட்சைப் போடுங்கள். காரின் நடுவிலிருந்து 'டக்' என்று சத்தம் வரும். ஏ டைப்பில் அது பலமாகவே கேட்கும், ஜே டைப்பில் காதைத் தரையருகே கொண்டுபோக வேண்டும். சத்தம் இல்லையென்றால் டெஸ்ட் லேம்பை எடுங்கள்: ஃபியூஸ், ஸ்விட்ச், ரிலே இருந்தால் ரிலே, கியர்பாக்ஸ் மேல் மூடியில் இருக்கும் இன்ஹிபிட்டர் ஸ்விட்ச், கடைசியில் சொலினாய்டு (கரண்ட் வந்ததும் வால்வை இயக்கும் மின்காந்தம்), இந்த வரிசையில் போங்கள். உயர் கியர்களில் மட்டும் ஓவர்டிரைவை அனுமதிப்பதே இன்ஹிபிட்டரின் வேலை. அது கொஞ்சம் உயரமாக உட்கார்ந்துவிட்டால் கியர் விழுந்தும் ஸ்விட்ச் மூடாது. அடியில் உள்ள வாஷர் ஒன்றை எடுத்தாலே பல நேரம் சரியாகிவிடும். எர்த்தையும் பாருங்கள், ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்த கியர்பாக்ஸுக்குச் சேசிஸோடு நல்ல தொடர்பு இருக்கிறதா என்று.

ஏ டைப் சொலினாய்டு ஒரு லீவர் வழியாக வால்வை இயக்குகிறது, அதில் இரண்டு சுருள்கள் இருக்கின்றன. இழுக்கும் சுருள் 15 ஆம்பியருக்கு மேல் வாங்கும். சுருள் இழுக்கும் தண்டான பிளஞ்சர் முழுதாக உள்ளே போனதும் ஒரு சிறு காண்டாக்ட் திறந்து, பிடித்து வைக்கும் சுருள் மட்டும் இரண்டு ஆம்பியருக்குள் ஓடும். லீவர் செட்டிங் தவறி பிளஞ்சர் கடைசி வரை போகாவிட்டால் காண்டாக்ட் திறக்காது, சொலினாய்டு சில நிமிடங்களில் வெந்துவிடும். எனவே எரிந்துபோன சொலினாய்டுக்குப் பதில் புதியதைப் போட்டுவிட்டு, செட்டிங் பார்க்காமல் ஓட்டினால் புதியதும் எரியும்.

செட்டிங் பார்ப்பது எளிது. யூனிட்டின் பக்கவாட்டில் இருக்கும் செட்டிங் லீவரில் ஒரு துளை உண்டு. சொலினாய்டு இழுத்த நிலையில் அந்தத் துளையும் கேசிங்கில் உள்ள துளையும் நேராக வர வேண்டும். 3/16 அங்குலக் கம்பி இரண்டிலும் தடையின்றி நுழைந்தால் சரி. நுழையவில்லையென்றால் கையேட்டில் சொன்னபடி லீவர் செட்டிங்கைச் சரிசெய்து நேராக்குங்கள். சோதனையை வேகமாக முடித்து ஸ்விட்சை அணையுங்கள்.

சொலினாய்டும் லீவரும் சரி, இன்னும் ஏறவில்லை என்றால் ஆபரேட்டிங் வால்வு. டிஆர் கார்களில் கியர்பாக்ஸ் டனல் மூடியைக் கழற்றினால் யூனிட்டின் மேல்பக்கத்தில் ஒரு பிளக் தெரியும். அழுத்தத்தை இறக்கிவிட்டு அதைக் கழற்றுங்கள். அடியில் ஸ்பிரிங், பிளஞ்சர், அதன் கீழ் 5/16 அங்குல எஃகுப் பந்து. ஸ்பிரிங்கையும் பிளஞ்சரையும் எடுத்துவிட்டு, டார்ச் அடித்தபடி ஒருவரை ஸ்விட்ச் போடச் சொல்லுங்கள். பந்து ஏறத்தாழ 1/32 அங்குலம், அதாவது நகத்தின் தடிமன் அளவு, மேலே எழுந்து இறங்க வேண்டும். அசையவே இல்லையென்றால் லீவர் பக்கம் கோளாறு.

பந்து எழுந்தும் வேலை நடக்கவில்லையென்றால் காந்தத்தால் பந்தை எடுத்து, அது உட்காரும் விளிம்பைப் பாருங்கள். விளிம்பில் வட்டம் உடையாமல் மெல்லிய பளபளப்பான கோடாகத் தெரிய வேண்டும். ஓரிடத்தில் கறுப்பாக இருந்தாலும் அங்கே ஆயில் கசிகிறது. பந்தைத் திரும்ப வைத்து, செம்புக் கம்பியை அதன்மேல் நிறுத்தி ஒரே ஒரு கூர்மையான தட்டு தட்டினால் விளிம்பு புதிதாக உட்காரும். எஃகுப் பஞ்ச் வேண்டாம், பந்தில் தழும்பு விழும்.

ஜே டைப்பிலும் எல்ஹெச் டைப்பிலும் இந்த லீவர் விவகாரம் கிடையாது. சொலினாய்டே வால்வையும் சேர்த்து வைத்திருக்கிறது, சுமார் இரண்டு ஆம்பியர்தான் வாங்கும். ஜே டைப் சொலினாய்டைக் கழற்ற 1 அங்குல மெல்லிய ஸ்பேனர் தேவை. உருளையான உடலைப் பிடித்துத் திருகினால் சொலினாய்டு போய்விடும். ஓ-ரிங்குகள் இறுகிப்போயிருந்தால் மாற்றுங்கள்.

கடைசியாக அழுத்தம். பின் சக்கரங்களை ஸ்டாண்டில் தூக்கி, முன் சக்கரங்கள் உருளாமல் கட்டை வைத்து, ஏ டைப்பில் ஆபரேட்டிங் வால்வு பிளக் இடத்தில், மற்றவற்றில் கையேடு காட்டும் இடத்தில் கேஜ் பொருத்தி டாப் கியரில் ஓட்டுங்கள். ஏ டைப்பில் மாடலைப் பொறுத்து எண் மாறும் என்பதால் உங்கள் கையேட்டைப் பாருங்கள். எல்ஹெச் டைப்பில் ஓவர்டிரைவில் சதுர அங்குலத்துக்கு 400 முதல் 420 பவுண்டு, நேரடி ஓட்டத்தில் 20 பவுண்டு. குறைந்தால் பம்பின் ஒருவழி வால்வில் அழுக்கு இருக்கிறதா என்று முதலில் கழற்றிப் பாருங்கள். ஜே டைப்பில் இதற்கு இரட்டை ஊசி ஸ்பேனர் வேண்டும். உளியை வைத்துத் தட்டித் திறப்பவர்கள் அலுமினியத்தைக் கெடுத்துவிடுகிறார்கள்.

ஏறிய பிறகு இறங்க மாட்டேன் என்கிறது

ரிவர்ஸ் எச்சரிக்கையை நினைவில் வையுங்கள். முதலில் சொலினாய்டு ஒயரைக் கழற்றிவிட்டு முன்னோக்கி ஓட்டிப் பாருங்கள். ஓவர்டிரைவ் விட்டுவிட்டால் கோளாறு ஸ்விட்ச், ரிலே அல்லது ஷார்ட்டான ஒயரில் இருக்கிறது. ஆஸ்டின்-ஹீலியில் ஒரு திராட்டில் ஸ்விட்சும் உண்டு. மிதியை அழுத்தும் வரை ஓவர்டிரைவை விடாமல் பிடித்து வைப்பதே அதன் வேலை. அதன் செட்டிங் தவறினாலும் இதே தொல்லைதான்.

கரண்ட் இல்லாமலும் விடவில்லையென்றால் ஏ டைப்பில் வால்வு தண்டைப் பாருங்கள். பிஸ்டனில் உள்ள ஆயில் வெளியேறுவதற்கு அதில் ஒரு நுண்துளை இருக்கிறது. அது அடைத்தால் ஆயிலுக்குப் போக்கிடம் இல்லை, கூம்பு பிரேக் வளையத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். பந்தை எடுத்த பிறகு, விளிம்பைக் கீறாமல் ஒரு கம்பியைச் செருகித் தண்டை மேலே இழுக்கலாம். துளையை மெல்லிய செம்புக் கம்பியால் துளாவி, காற்றடித்து, திரும்பப் போடுங்கள். சில நிமிட வேலை இது.

துளை சுத்தம், ஆனாலும் விடவில்லை என்றால் கூம்பு பிரேக் வளையத்தில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ரொம்ப நாள் நின்ற வண்டியிலும் புதிதாக லைனிங் போட்ட யூனிட்டிலும் இது வரும். யூனிட்டின் நடுவே இரண்டு கேசிங்குக்கு இடையில் தெரியும் வார்ப்பிரும்பு வளையத்தைச் சுற்றித் தோல் சுத்தியலால் சில அடிகள் கொடுங்கள். அலுமினியத்தின் மேல் அடிக்காதீர்கள்.

ஏறுகிறது, ஆனால் மேட்டில் வழுக்குகிறது

ஏற்றத்தில் மிதியை அழுத்தினால் டாக்கோமீட்டர் மட்டும் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. இதில் ஒரு விஷயம் கவனியுங்கள்: கூம்பு வழுக்கினாலும் வண்டி நின்றுவிடாது, ஏனென்றால் நேரடி ஓட்டத்தின் அளவுக்குச் சுற்று ஏறியதும் ஒருவழிக் கிளட்ச் சுமையைப் பிடித்துக்கொள்ளும். அதனாலேயே பலர் இதைக் கவனிக்காமல் மாதக்கணக்கில் ஓட்டி லைனிங்கைக் கருக்கிவிடுகிறார்கள். வழுக்குவது தெரிந்ததும் ஓவர்டிரைவை அணைத்துவிடுங்கள், நேரடி டாப்பில் வீடு வந்து சேரலாம்.

யார் என்ன ஆயில் ஊற்றினார்கள் என்று விசாரியுங்கள். சந்தேகமாக இருந்தால் முழுதாக வடித்து, சரியான ஆயில் ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, மறுபடி ஒருமுறை மாற்றுங்கள். அப்புறம் அழுத்தம் பாருங்கள். ஆயிலும் அழுத்தமும் சரியாக இருந்தும் வழுக்கினால் லைனிங் தேய்ந்திருக்கிறது அல்லது கண்ணாடிபோல் பளபளத்துவிட்டது, யூனிட் இறங்கியாக வேண்டும்.

குளிரில் சரி, சூடானதும் விட்டுவிடுகிறது

சூட்டில் ஆயில் இளகும். தேய்ந்த பம்ப், உட்காராத பந்து, அக்யூமுலேட்டர் வளையங்கள் எல்லாம் அப்போதுதான் கசிவைக் காட்டும். ஆனால் சொலினாய்டு சுருளும் சூட்டில் பலம் இழக்கும். இரண்டையும் பிரிக்க, கோளாறு வந்த உடனே ஓரமாக நிறுத்தி 'டக்' சத்தம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அழுத்தம், வராவிட்டால் சொலினாய்டு. வீடு வந்து ஆறிய பிறகு பார்த்தால் இரண்டுமே நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். கெட்டியான ஆயிலை ஊற்றி இதை மறைக்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை: கசிவு அப்படியே இருக்கும், குளிரில் சிங்க்ரோ படும் பாடுதான் மிச்சம்.

மிதியை எடுத்தால் எஞ்சின் பிரேக் இல்லை, ரிவர்ஸும் சரியாக இழுக்கவில்லை

இரண்டும் சேர்ந்து வந்தால் கூம்பின் உள்லைனிங் வளையத்தைப் பிடிக்கவில்லை என்று பொருள். உடனே லைனிங் போய்விட்டது என்று முடிவுக்கு வர வேண்டாம். நுண்துளை பாதி அடைத்து பிஸ்டனில் கொஞ்சம் அழுத்தம் தேங்கி நின்றாலும், லீவர் முழுதாகத் திரும்பாவிட்டாலும் இதே அறிகுறிதான் வரும். அவை சுத்தம் என்றால் உள்லைனிங் அல்லது உடைந்த ஸ்பிரிங். இரண்டுக்கும் யூனிட்டைப் பிரிக்க வேண்டும்.

உதறிக்கொண்டு ஏறுகிறது

ஏ டைப் இயல்பிலேயே கொஞ்சம் வெடுக்கென்றுதான் ஏறும். ஜே டைப் மென்மையாக ஏற வேண்டும். ஜே டைப் உதறினால் அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றும் டாஷ்பாட் பிஸ்டன் சிக்கியிருக்கும், அடிமூடியைக் கழற்றி அந்தப் பிளக்கைத் திறந்து கழுவினால் போதும்.

ஒழுகலும் சத்தமும்

பின் ஆயில் சீல், ஸ்பீடோமீட்டர் கேபிள் நுழையும் இடம், சொலினாய்டு ஓ-ரிங், அடிமூடி கேஸ்கெட். ஒழுகல் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று. உள்ளே சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் அடைத்திருந்தால் புது சீலும் ஒழுகும், அதனால் சீல் மாற்றும் முன் பிரீதரைச் சுத்தம் செய்யுங்கள். கீழே எல்லாம் கழுவித் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு ஒரு சுற்று ஓட்டிவிட்டுப் பாருங்கள். ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னுக்குத் தள்ளுவதால் நனைந்த இடத்தில் மிக முன்னால் இருக்கும் புள்ளிதான் ஒழுகும் இடம்.

சத்தத்தில், நேரடி ஓட்டத்தில் இல்லாமல் ஓவர்டிரைவில் மட்டும் வரும் ஊளை கோள் கியர்களைக் காட்டுகிறது. நேரடி டாப்பில் மிதியை அழுத்தி எடுக்கும்போது 'தட்' என்று இடித்து, சில சமயம் இழுவையே நழுவினால் ஒருவழிக் கிளட்ச் உருளைகளைச் சந்தேகியுங்கள். புரப்பல்லர் ஷாஃப்ட் யூனிவர்சல் ஜாயின்ட்டும் இதே போல இடிக்கும் என்பதால் வண்டிக்கு அடியில் போய் ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்துவிடுங்கள். ஜாயின்ட் இறுக்கமாக இருந்து, டிரெயின் பிளக்கில் இரும்புச் செதிலும் வந்திருந்தால், வண்டியை ஓட்டாமல் யூனிட்டை இறக்க ஏற்பாடு செய்யுங்கள்.